கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’: ஆன்மிகம் எந்த இடத்தில் இருக்கிறது?

ஒலிநாடா எழுதியது:

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ பற்றித் தமிழில் யார் எழுதினாலும் “ஆன்மிக ஆல்பம்” என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அதோடு சரி. எந்த இடத்தில் ஆன்மிகம், எப்படி அது காதுக்குக் கேட்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: 1964 டிசம்பர் 9. நியூ ஜெர்சியின் இங்கில்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. உயரமான மரக்கூரை போட்ட இடம். கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன், மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி கேரிசன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். விளக்குகளை மங்கலாக வைத்துக்கொண்டு, ஒரே மாலையில் நான்கு பகுதிகளையும் வாசித்து முடித்தார்கள். மொத்தமே 33 நிமிடம்தான். 1965 தொடக்கத்தில் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

முதல் பகுதி ‘அக்னாலெட்ஜ்மென்ட்’. எல்வின் ஒரு காங் மணியை அடிக்கிறார், சாக்ஸ் ஒரு சின்ன அழைப்பு கொடுக்கிறது, அப்புறம் கேரிசனின் பாஸில் நான்கே நான்கு சுரம். ஒரு குழந்தைகூட முனகிவிடும். ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி அந்த நான்கு சுரத்தை கோல்ட்ரேன் கையில் எடுத்து, ஸ்கேல் ஸ்கேலாக மாற்றிக்கொண்டே போகிறார். பன்னிரண்டு ஸ்கேலையும் தொட்டுவிடுகிறார். கீழே பாஸும் பியானோவும் அவர் பின்னாலேயே ஓடுவதில்லை, அதனால் சில இடங்களில் காதுக்கு உரசும். பன்னிரண்டையும் சுற்றிவிட்டு முதல் இடத்துக்கே திரும்பியபின், அதே நான்கு சுரத்தில் மனிதக் குரல் வருகிறது, “எ லவ் சுப்ரீம், எ லவ் சுப்ரீம்” என்று.

எனக்கு இதன் பொருள் நேரடியாகவே படுகிறது. எந்த ஸ்கேலுக்குப் போனாலும் இறைவன் அங்கே இருக்கிறான். இதை கோல்ட்ரேன் வார்த்தையில் சொல்லாமல் முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, கடைசியில்தான் வாயைத் திறக்கிறார். இந்த வரிசை தற்செயலாக வந்ததில்லை.

மூன்றாம்காலம் எழுதியது:

அண்ணே, இந்த ஆல்பத்தை உங்களைப் போலவே நானும் நேசிக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. சுரத்துக்கு மதம் கிடையாது. பன்னிரண்டு ஸ்கேலிலும் ஒரு துணுக்கை வாசிப்பது ஜாஸ் வாத்தியக்காரர்கள் தினமும் செய்கிற சாதகம். ஐந்து வருடம் முன்னால், மின்னல் வேகத்தில் ஸ்கேல் மாறுகிற ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ வாசித்த ஆளுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. அதற்குள் கடவுளைக் கொண்டுவந்தது ஆல்பத்தின் அட்டையில் அச்சாகியிருக்கும் கோல்ட்ரேனின் கடிதம்தான். அட்டையை மறைத்துவிட்டு இசையை மட்டும் போட்டுக் காட்டினால் எத்தனை பேர் “இது பிரார்த்தனை” என்பார்கள்?

மூன்றாம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பர்சூயன்ஸ்’ அப்பட்டமான மைனர் புளூஸ். எல்வினின் தனி ஆவர்த்தனத்தில் தொடங்கி, தலைதெறிக்க ஓடுகிறது. டைனர் அங்கே வாசிக்கிற வாசிப்பு, நான்கு பேர் உச்சத்தில் இருக்கும்போது வருகிற வாசிப்பு. அதை ஒரு கச்சேரியாகக் கேட்டாலே போதும். “ஆன்மிகம்” என்று சொன்னதும் உழைப்பு மறைந்துபோகிறது. இந்த நால்வரும் அதற்கு முன் சில வருடங்கள் ஊர் ஊராக, இரவு இரவாகச் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஒரே மாலையில் பதிவு முடிந்ததற்கு அதுதான் காரணம். வானத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை.

ஒலிநாடா எழுதியது:

உழைப்பைப் பற்றி நீ சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன் தம்பி. ஆனால் அட்டையை மறைத்துவிடலாம் என்கிறாயே, அங்கேதான் பிரச்சினை. நான்காம் பகுதியை அட்டை இல்லாமல் பாதிதான் கேட்க முடியும். காரணத்தைச் சொல்கிறேன்.

அட்டையின் உள்பக்கத்தில் கடிதத்தோடு ஒரு கவிதையும் இருக்கிறது. கோல்ட்ரேன் எழுதியது. “உமக்குத் தகுதியானவனாக இருக்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன், ஆண்டவரே” என்கிற பொருளில் தொடங்கும். நடுநடுவே “நன்றி இறைவா” என்று திரும்பத் திரும்ப வரும். நான்காம் பகுதியின் பெயர் ‘சாம்’. பைபிளில் வரும் சங்கீதங்களின் பெயர்தான். இந்தப் பகுதி இசையால் சொல்லப்படும் ஒரு வாசகம் என்று அவரே கடிதத்தில் எழுதிவிட்டார். ரொம்ப வருடங்கள் எல்லோரும் அதை ஒரு பொதுவான பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். 1980களில் லூயிஸ் போர்ட்டர் என்ற இசை ஆய்வாளர் கவிதையையும் ஒலிப்பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அசை அசையாகப் பொருத்திக் காட்டினார். கோல்ட்ரேன் அந்தக் கவிதையை சாக்ஸபோனில் ‘வாசிக்கிறார்’. ஓர் அசைக்கு ஒரு சுரம் என்கிற கணக்கில், தலைப்பிலிருந்து ‘ஆமென்’ வரை.

இன்று இரவு இதைச் செய்து பாருங்கள். கவிதை இணையத்தில் கிடைக்கிறது. அதைக் கண்முன் திறந்து வைத்துக்கொண்டு, ‘சாம்’ தொடங்கியதும் விரலை வரியின்மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். “நன்றி இறைவா” என்று வருகிற இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் சாக்ஸ் மேலிருந்து இறங்கி ஆதார சுரத்தில் வந்து உட்காரும். இரண்டு மூன்று முறை கேட்டதும் கவிதையைப் பார்க்காமலேயே அந்த இடம் உங்களுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் “களிப்பு, எழில், பரவசம்” என்று பொருள்படும் மூன்று சொற்கள் வருகின்றன. அங்கே அவர் மேலே ஏறுகிற ஏற்றத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று. இந்தப் பகுதியில் தாளம் கிடையாது. எல்வின் டிம்பனி என்ற பெரிய முரசை உருட்டுகிறார், டைனர் தாழ்ந்த ஸ்வரக்கட்டுகளை (கார்டுகளை) நீளமாக விடுகிறார், அவ்வளவுதான். நம்மில் விருத்தம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாட்டின் சொல்லே நடையைத் தீர்மானிக்கும், மிருதங்கம் காத்திருக்கும்.

“அட்டையை மறைத்துவிட்டுக் கேள்” என்பது, பாட்டு எழுதிய காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பாடகரைக் கேள் என்பது மாதிரி. அந்தக் கவிதை விளம்பர வாசகம் இல்லை, சாகித்தியம்.

பாளைவாசி எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சபை ஊழியம். அதனால் இந்த ஆல்பத்தின் சர்ச் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கோல்ட்ரேன் 1926இல் வட கரோலினாவின் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்து, ஹை பாயின்ட்டில் வளர்ந்தவர். அப்பாவழித் தாத்தா, அம்மாவழித் தாத்தா இருவருமே ஏ.எம்.இ. சயான் சபையின் போதகர்கள். அது கறுப்பினத்தவர் தங்களுக்கென்று கட்டியெழுப்பிய சபை. அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது சில மாதங்களுக்குள் அப்பாவும் தாத்தாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். கையில் வாத்தியம் வந்ததும் அந்த நாட்களை ஒட்டித்தான்.

அந்தச் சபைகளில் பிரசங்கம் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்களா? போதகர் பேச்சாகத் தொடங்குவார். போகப்போகப் பேச்சு ஒரு சுருதியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதே சுரத்தில் இறக்கி முடிப்பார். சபை பதில் கொடுக்கும். உச்சத்துக்குப் போகும்போது பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாது. ஒலிநாடா சார் சொன்ன அந்த “நன்றி இறைவா” இறக்கம் இருக்கிறதே, அது அப்படியே அங்கிருந்து வந்தது. போர்ட்டரும் இந்த ஒற்றுமையைச் சொல்லியிருக்கிறார். ஆக, கோல்ட்ரேன் ‘சாம்’ பகுதியில் புதிதாக ஒரு பக்தி மொழியைக் கண்டுபிடிக்கவில்லை. தாத்தாக்களின் பிரசங்க மேடையில் நின்று வாசிக்கிறார்.

தம்பி மூன்றாம்காலத்துக்கு ஒரு வார்த்தை. புளூஸ் என்பதால் பிரார்த்தனை இல்லை என்பது அந்த மண்ணுக்குப் பொருந்தாது. சனிக்கிழமை இரவு கிளப்பில் வாசித்த அதே கைகள்தான் ஞாயிறு காலை சபையிலும் வாசித்தன. எல்வின் ஜோன்ஸின் அப்பா பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், அதாவது போதகருக்குத் துணையான சபை ஊழியர்.

காயல்நூர் எழுதியது:

பாளைவாசி சொன்னதோடு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

அட்டைக் கடிதத்தின் முதல் வரி, எல்லாப் புகழும் இறைவனுக்கே, புகழெல்லாம் அவனுக்கே உரியது என்ற பொருளில்தான் தொடங்குகிறது. 2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் தமிழில் சொன்னாரே, அதே வாக்கியம். தொழுகையில் தினமும் ஓதுகிற எனக்கு அதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. கவிதையிலும் இறைவன் கருணையாளன், இரக்கமுள்ளவன் என்று வருகிறது.

இது காற்றில் வந்த விஷயம் இல்லை. கோல்ட்ரேனின் முதல் மனைவி நயீமா இஸ்லாத்தைத் தழுவியவர். அவர் பெயரில் வந்த மெட்டு எல்லோருக்கும் தெரியும். பியானோ வாசித்த மெக்காய் டைனரும் இளம் வயதிலேயே முஸ்லிம் ஆனவர், சுலைமான் சவூத் என்ற பெயரும் வைத்துக்கொண்டார். ஐம்பதுகளில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் ஜாஸ் வாசித்தவர்களில் கணிசமான பேர் அந்த வழியில் போனார்கள். கோல்ட்ரேன் மதம் மாறவில்லை, அப்படி நான் உரிமை கொண்டாடவும் இல்லை. ஆனால் அந்த வீட்டிலும் அந்த மேடையிலும் தொழுகை இருந்தது.

செட்டிபாளையம் எழுதியது:

நூர் பாய் உரிமை கொண்டாடவில்லை என்றது பிடித்தது. ஏனென்றால் நம் பக்கத்தில் நிறைய பேர் இந்த ஆல்பத்தை அப்படியே இந்தியாவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை.

இருக்கிற தொடர்பை அப்படியே சொல்லலாம். 1961இல் ‘இந்தியா’ என்ற பெயரில் ஒரு உருப்படி வாசித்தார். சிதார் கலைஞர் ரவிசங்கரின் ஒலிப்பதிவுகளைத் தேடித்தேடிக் கேட்டார், அவரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டார். 1965 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அதே வருடம் அக்டோபரில் ‘ஓம்’ பதிவு செய்தார். இவ்வளவும் உண்மை. ஆனால் கோல்ட்ரேனின் இசையில் இவ்வளவு கொந்தளிப்பு ஏன் என்று ரவிசங்கருக்கே புரியவில்லை, அது தன்னைக் கலங்கடித்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆன்மிகம் என்றால் அமைதி என்று ஒரு மரபு நினைக்கிறது. இன்னொரு மரபு கதறித்தான் கூப்பிடும். இரண்டும் சந்தித்த இடம் அது.

எங்கள் ஊர்த் தொடர்பு ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது கோல்ட்ரேனின் இரண்டாவது மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் வழியாக வந்தது. 1967 ஜூலையில் ஜான் கல்லீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 40. சின்னச் சின்னக் குழந்தைகளோடு நின்ற ஆலிஸ், அந்தத் துக்கத்தினூடே சுவாமி சச்சிதானந்தரைச் சந்திக்கிறார். அவர் 1914இல் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர், சிவானந்தரின் சீடர், 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்க உரை ஆற்றியவர். ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற ஆலிஸின் ஆல்பம் அவர் பெயரில்தான். 1972இல் ‘வேர்ல்ட் கேலக்ஸி’ ஆல்பத்தின் கடைசியில் ஆலிஸ் ‘எ லவ் சுப்ரீம்’ மெட்டையே எடுத்து வாசிக்கிறார். அதில் சுவாமிஜியின் பேச்சுக் குரல் வருகிறது. எங்கள் கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரின் உச்சரிப்பு அந்த நான்கு சுரத்தோடு சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத வரவில்லை. ஆலிஸ் பின்னால் துரியசங்கீதானந்தா ஆகி, கலிபோர்னியாவில் ஆசிரமம் நடத்தி, பஜனைகளை சர்ச் கீதம் போலப் பாடவைத்தது தனி இழைக்கு உரிய விஷயம்.

ஈஸ்ட்ஹாம்காரன் எழுதியது:

சச்சிதானந்தர் அமெரிக்காவுக்குப் போகமுதல் பல வருசம் இலங்கையில் இருந்தவர், கண்டிப் பக்கம் ஆச்சிரமம் நடத்தினவர். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

நான் சொல்ல வந்தது கடிதத்தைப் பற்றி. எல்லாரும் 1957 கதையை மட்டும்தான் சொல்லுகினம். ஹெரோயின் பழக்கத்தால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, பிலடெல்பியாவில் அம்மாவின்ர வீட்டில் கிடந்து பழக்கத்தை விட்டு, “இறையருளால் ஓர் ஆன்மிக விழிப்பு” பெற்றது. அது கடிதத்தின் தொடக்கம் மட்டுந்தான். அடுத்த பந்தியை வாசியுங்கோ. அதுக்குப் பிறகு மனம் உறுதி இழந்த ஒரு காலம் வந்தது, கொடுத்த வாக்குக்கு மாறான வழியில் போனேன் என்று அவரே எழுதுகிறார். பக்திக் கதைகளில் ஒரே இரவில் மனுசன் திருந்திவிடுவான், பிறகு சுபம். இவர் அப்படி எழுதவில்லை. விழிப்புக்கும் இந்த ஆல்பத்துக்கும் இடையில் ஏழு வருசம். அந்த ஏழு வருசத்தில் வழி தவறினதையும் ஒளிக்காமல் அச்சில் போட்டிருக்கிறார். அதைப் படிச்ச பிறகு இரண்டாம் பகுதிக்கு ‘ரெசல்யூஷன்’ (மன உறுதி) எண்டு பெயர் வைத்ததுக்குக் காரணம் விளங்குது. எனக்கு அதுதான் ஆல்பத்தின்ர நெஞ்சு. அங்க சாக்ஸ் உள்ளே வாற வேகத்தைக் கேளுங்கோ, தயக்கமே இல்லை.

மூன்றாம்காலம் எழுதியது:

‘சாம்’ பகுதியைக் கவிதையோடு வைத்துக் கேட்டேன். ஒலிநாடா அண்ணன் சொன்ன இறக்கம் அப்படியே இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. இனி அதை வேறு மாதிரி கேட்கவும் முடியாது.

ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்ட்ரேனைப் புனிதராக வைத்து ஒரு சபையே நடக்கிறது. ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு சேர்ந்த சபை, ஞாயிறு வழிபாட்டில் இந்த ஆல்பத்தைத்தான் வாசிக்கிறார்கள். நல்லதுதான். அதேபோல ஆலிஸ் சொன்ன கதையையும் எல்லோரும் எழுதுகிறார்கள்: 1964இல் லாங் ஐலண்டு டிக்ஸ் ஹில்ஸ் வீட்டின் மாடியில் பல நாள் தனியாக இருந்துவிட்டு, மலையிலிருந்து மோசே இறங்கியதுபோலப் படியிறங்கி வந்து, முழு இசையும் கிடைத்துவிட்டது என்றாராம். இதெல்லாம் சேரச் சேர, பாஸ் வாசித்த கேரிசனை யாரும் பேசுவதில்லை. ‘பர்சூயன்ஸ்’ முடிவில் அவர் தனியாக வாசிக்கிறாரே, நிமிடக்கணக்கில், மற்ற மூவரும் ஓய்ந்த பிறகு? அந்தப் பாலம் இல்லாமல் அந்த ஓட்டத்திலிருந்து பிரார்த்தனைக்கு வந்து சேரவே முடியாது. புனிதர் என்று ஒருவரை மட்டும் தூக்கினால் மற்றவர்கள் கைவேலை காணாமல் போகிறது. என் வருத்தம் இதுதான்.

ஒலிநாடா எழுதியது:

கேரிசனைப் பற்றிச் சொன்னது நியாயம். அந்த இடத்தை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமானது.

மோசே கதைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு காகிதம் இருக்கிறது. கோல்ட்ரேன் கைப்பட எழுதிய திட்டம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தால் அருள்வாக்கு வாங்கிய ஆள் தெரியமாட்டார், வேலை செய்கிற ஆள்தான் தெரிவார். ஒன்பது பேர் குழு வேண்டும், இரண்டு பாஸ், காங்கா என்ற கைமுரசு வாசிக்க இருவர் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பிரார்த்தனையை வாத்தியம் சி மைனரில் ஓத வேண்டும் என்று குறித்திருக்கிறார். எல்லாப் பாதையும் இறைவனிடமே போகிறது என்று ஒரு குறிப்பு. பாளைவாசி, நூர் பாய், செட்டிபாளையம் மூவருக்கும் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பேன். கடைசி ஸ்வரக்கட்டு ‘அலபாமா’வின் கடைசி ஸ்வரக்கட்டைப் போல ஒலிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் குறிப்பில் என்னால் சீக்கிரம் கடந்துபோக முடியவில்லை. 1963 செப்டம்பர் 15, அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் வெள்ளை நிறவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து கோல்ட்ரேன் பதிவு செய்ததுதான் ‘அலபாமா’. அதே நான்கு பேர், அதே ஸ்டுடியோ. அடுத்த வருடம் இறைவனுக்கு நன்றி சொல்லி ஓர் ஆல்பம் எழுத உட்கார்ந்தவர், முடிவில் அந்த ஒலி வேண்டும் என்று குறித்து வைக்கிறார். குண்டு வெடித்த சபையை மறந்துவிட்டு அவர் நன்றி சொல்லவில்லை. “ஆன்மிக ஆல்பம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதும்போது முதலில் காணாமல் போவது இதுதான். ஊதுபத்தி வாசனையோடு கேட்கிற இசை இல்லை இது.

புதுக்காது எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜாஸ் எனக்குப் புதிது. இதில் எந்தப் பதிப்பைக் கேட்பது? ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறமாதிரி ஏகப்பட்டது கிடக்கிறது.

ஒலிநாடா எழுதியது:

முதலில் அந்த 33 நிமிட ஸ்டுடியோ பதிப்பு மட்டும். பாட்டைக் குலுக்கிப் போடாதே தம்பி, நான்கையும் வரிசையாகக் கேள். ‘சாம்’ வரும்போது கவிதை கையில் இருக்கட்டும்.

அது பழகியபின் 1965 ஜூலை 26, பிரான்சின் ஆன்டிப் விழாவில் இதே நால்வர் வாசித்த நேரலை. ஒத்திகை பார்க்கிற ஆர்வம் இருந்தால் 1964 டிசம்பர் 10 பதிவுகளையும் கேட்கலாம். ஆல்பம் பதிவான மறுநாளே சாக்ஸ் வாசிக்கும் ஆர்ச்சி ஷெப்பையும் இன்னொரு பாஸ் வாத்தியக்காரரான ஆர்ட் டேவிஸையும் சேர்த்து முதல் பகுதியை வாசித்துப் பார்த்தார்கள். ஆல்பத்தில் அது வேண்டாம் என்று கோல்ட்ரேன் விட்டுவிட்டார். சியாட்டிலில் 1965 அக்டோபர் 2 அன்று வாசித்தது 2021இல்தான் வெளிவந்தது. இன்னொரு சாக்ஸ் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் போகும். அதற்கு அவசரப்படாதே.

மூன்றாம்காலம் எழுதியது:

சியாட்டிலைத் தள்ளிப்போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணே. எல்வின் அதில் வாசித்திருப்பதைத் தனியாக ஒரு பதிவாகவே எழுதப் போகிறேன். புதுக்காது, இரண்டாவதாக அதையே கேளுங்கள், கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.